விதை இறங்குவதில் நரம்புக்கு என்ன வேலை?

குழந்தையைக் குளிப்பாட்டும்போது விதைப்பையின் ஒரு பக்கம் வெறுமையாகத் தெரிகிறதா? நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு சுமார் 3 பேருக்கு இப்படி விதை பைக்குள் இறங்காமல் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளில் இது 30 வரை போகும்.

விதை எங்கிருந்து இறங்க வேண்டும்? அது முதலில் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் அருகே. கருவின் 15-வது வாரத்துக்குள் தொடை இடுக்குப் பக்கம் வந்துவிடும். அங்கே சில வாரங்கள் தங்கிவிட்டு, 25 முதல் 35-வது வாரத்துக்குள் பைக்குள் இறங்கும். அதற்கு வழிகாட்டுவது குபர்நாகுலம் (விதையின் அடியில் ஒட்டியிருக்கும் தடித்த நாண்). 1762-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தவர் ஜான் ஹண்டர்.

நரம்பு எங்கே வருகிறது? இரண்டாவது கட்டத்தில், அதாவது தொடை இடுக்கிலிருந்து பைக்குள் இறங்கும்போது. டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மைக்குரிய ஹார்மோன்) இல்லாமல் இந்தக் கட்டம் நடக்காது. ஆனால் அது மட்டும் போதாது. இடுப்புத் தண்டுவடத்திலிருந்து கிளம்பி விதைப்பைக்கும் தொடைக்கும் போகும் ஒரு நரம்பு, அதன் நுனியில் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. நாண் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதை அது காட்டுகிறது. பிறந்த எலிக்குட்டிகளில் அந்த நரம்பை வெட்டினால், அந்தப் பக்கத்து விதை இறங்குவதில்லை. மெல்போர்னைச் சேர்ந்த ஜான் ஹட்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மனிதரில் இப்படி வெட்டிப் பார்க்க முடியாது. ஆனால் முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு விதை இறங்காமல் இருப்பது அதிகம் என்பது இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது.

“அப்படியென்றால் என் பிள்ளைக்கு நரம்புக் கோளாறா?” பெரும்பாலும் இல்லை. விதை இறங்காத குழந்தைகளில் மிகப் பலர் மற்ற எல்லாவற்றிலும் நலமாகவே இருக்கிறார்கள். கீழ்முதுகில் வீக்கம், குழி, முடிக்கற்றை இருந்தாலோ கால் அசைவு குறைவாகத் தெரிந்தாலோ மட்டும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

“சில நேரம் இருக்கிறது, சில நேரம் காணோமே?” இதுவும் அதே நரம்பின் வேலைதான். குளிர் பட்டாலோ உள்தொடையைத் தொட்டாலோ அது ஒரு தசையைச் சுருக்கி விதையை மேலே இழுக்கும். வெதுவெதுப்பான நீரில் குழந்தை நிம்மதியாக இருக்கும்போது பாருங்கள். அப்போது விதை பைக்குள் வந்து தங்கினால் அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு வளர வளர அது மேலேயே நின்றுவிடுவதுண்டு.

“வளர்ந்தால் தானாக இறங்கிவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் வரை அது உண்மை. அந்தக் காலத்தில் உடலிலேயே டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை உயர்வதால் பலருக்கு விதை இறங்கிவிடுகிறது. ஆறு மாதம் தாண்டிய பிறகு அப்படி நடப்பது அரிது. அதன்பின் காத்திருப்பது குழந்தைக்கு நல்லதல்ல.

ஏன் அவசரம்? விதைப்பை உடலைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியானது. வயிற்றுச் சூட்டில் தங்கும் விதையில், பின்னாளில் விந்தணுவை உருவாக்க வேண்டிய செல்கள் குறையத் தொடங்குகின்றன. பெரியவனானபின் விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். பருவம் வருமுன் அறுவை செய்தால் அந்த ஆபத்து குறைகிறது, முற்றிலும் போய்விடுவதில்லை.

எனவே 6 முதல் 18 மாதத்துக்குள் குழந்தை அறுவை மருத்துவர் விதையை இறக்கிப் பையில் தைத்துவிடுவார். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க அலைய வேண்டியதில்லை. அனுபவமுள்ள மருத்துவரின் கைதான் முக்கியம். ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் விதையே இல்லை என்று ஆகிவிடாது. ஹார்மோன் ஊசியையும் இன்று பரிந்துரைப்பதில்லை.

ஒரு நிலையில் மட்டும் ஆறு மாதம்கூடப் பொறுக்காதீர்கள். பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை தட்டுப்படவில்லை என்றால், அது உயிருக்கே ஆபத்தான ஹார்மோன் குறைபாட்டின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பரிசோதிக்கச் சொல்லுங்கள்.