வரவு வைக்காத வரவுச் செய்தி

ஒரு கடையின் கைப்பேசிக்கு வரும் 'உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய் வரவு வைக்கப்பட்டது' என்னும் குறுஞ்செய்தி, பணம் வந்துசேர்ந்ததற்கான சான்று அன்று. வந்ததாக யாரோ எழுதி அனுப்பிய வாசகம் மட்டுமே. வணிகர் பலர் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. வங்கிகளே பல ஆண்டுகளாகக் குறுஞ்செய்தியை ரசீதுபோலப் பயன்படுத்தி, மக்களை அதற்குப் பழக்கியிருக்கின்றன. 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாக முதன்முதலில் கைப்பேசிக்குச் சென்ற இவ்வகைச் செய்தி, 160 எழுத்துகளுக்குள் சிறு தகவலைக் கொண்டுசேர்ப்பதற்கென வகுக்கப்பட்டது. அனுப்பியவர் இன்னார்தாம் என்பதைப் பெறுபவர் சரிபார்த்துக்கொள்ள அதில் வழி வைக்கப்படவில்லை. அனுப்புநர் என்ற இடத்தில் தோன்றும் பெயர், அஞ்சல் உறையின் பின்புறத்து முகவரியைப்போல, அனுப்பும் தரப்பிலேயே எழுதப்படுவது.

வணிகரைக் குறிவைக்கும் மோசடியின் எளிய வடிவத்தில், சரக்கு எடுத்தவர் யுபிஐ வழியாகப் பணம் செலுத்திவிட்டதாகச் சொல்ல, வங்கியின் நடையை அப்படியே ஒத்த ஒரு செய்தி அதே நொடியில் கடையின் எண்ணுக்கு வர, கூட்ட நேரத்தில் கல்லாவில் இருப்பவர் அதைக் கண்ட அளவில் பொருளைக் கொடுத்துவிடுகிறார். இன்னொரு வடிவம் இதைவிடக் கொடியது. தொலைபேசியில் முன்பணம் தருவதாகச் சொன்ன ஒருவர், 3,000 ரூபாய்க்குப் பதில் 30,000 ரூபாயைத் தவறுதலாக அனுப்பிவிட்டதாகப் பதறி, போலி வரவுச் செய்தியையும் அனுப்பி, மீதம் 27,000 ரூபாயை உடனே திருப்பித் தருமாறு கெஞ்சுகிறார். அது மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணம் என்ற பேச்சும் சேரும்போது, அடுத்தவர் காசு தம்மிடம் தங்கக்கூடாது என்று எண்ணும் நேர்மையான வணிகரே எளிதில் அகப்படுகிறார். தம் இரகசிய எண்ணைத் தாமே இட்டுப் பணத்தை அனுப்பியிருப்பதால், வங்கியிடம் இழப்பீடு கோரும் வாய்ப்பும் அவருக்கு மிகவும் குறுகிவிடுகிறது. மொத்த வியாபாரத்தில் இதற்கு வேறு ஒரு துணையும் கிடைக்கிறது: நெஃப்ட் என்னும் பணமாற்று முறையில் பரிவர்த்தனைகள் அரைமணிக்கு ஒருமுறை தொகுதியாகத் தீர்க்கப்படுவதால், 'பணம் போட்டாயிற்று, வண்டியில் ஏற்றுங்கள்' என்ற வற்புறுத்தலுக்கும் பணம் உண்மையில் வந்துசேர்வதற்கும் இடையே இயல்பாகவே ஓர் இடைவெளி உண்டு, அந்த இடைவெளியில் போலிச் செய்தி நுழைகிறது.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் வகுத்த விதிகளின்படி, வணிக நோக்கில் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம், டிஎல்டி எனப்படும் பகிர்ந்த மின்பதிவேட்டில் தன்னையும், ஹெடர் எனப்படும் தன் அனுப்புநர் பெயரையும், அனுப்பப்போகும் வாசகத்தின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதிவோடு பொருந்தாத செய்தி வழியிலேயே தடுக்கப்படும். 2021 மார்ச்சில் இச்சோதனை நடைமுறைக்கு வந்தபோது, பதிவை முடிக்காதிருந்த நிறுவனங்களின் ஓடிபி செய்திகளே நின்றுபோய், ஆணையம் சில நாள்கள் அதை நிறுத்திவைக்க நேர்ந்தது. 2024 அக்டோபர் முதல் செய்திக்குள் இடம்பெறும் இணைய இணைப்புகளும் முன்பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றாயிற்று. ஆகவே, பத்து இலக்கத் தனிநபர் எண்ணிலிருந்து வரும் வரவுச் செய்தியை வங்கியினுடையது அன்று என்றே கொள்ள வேண்டும்.

இதன் மறுதலை உண்மையன்று என்பதுதான் முக்கியம்: பெயர் சரியாக இருப்பதனாலேயே செய்தி உண்மையாகிவிடாது. பழைய 2ஜி முறையில் கைப்பேசி தன்னை வலையமைப்புக்கு மெய்ப்பிக்கிறதே தவிர வலையமைப்பு தன்னைக் கைப்பேசிக்கு மெய்ப்பிப்பதில்லை என்பதால், போலிக் கோபுரமாக இயங்கும் கருவி ஒன்று பதிவேட்டைத் தொடாமலேயே அருகிலுள்ள கைப்பேசிகளுக்கு எந்தப் பெயரிலும் செய்தி அனுப்ப இயலும். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிச் செய்திகள், அவ்வங்கியின் உண்மைச் செய்திகள் இருந்த அதே தொடரில் சென்று அமர்ந்துகொண்டதால், ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். வங்கி பின்னர் அதை ஈடுசெய்தது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து அந்நாட்டில் பதிவில்லாத அனுப்புநர் பெயர்களில் வரும் செய்திகள் மோசடி எச்சரிக்கை அடையாளத்துடனேயே திரையில் தோன்றுகின்றன.

எனவே கடையில் சாட்சியாக நிற்கத் தக்கது கணக்கு ஒன்றே. வங்கிச் செயலியையோ வணிகருக்கான யுபிஐ செயலியையோ திறந்து, தொகையையும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் கண்ட பின்பே சரக்கு கைமாற வேண்டும். வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் காட்டும் திரை கணக்கில் சேராது. சவுண்ட் பாக்ஸ் எனப்படும் ஒலிப்பெட்டி, கடையின் குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்வதில்லை. பணப்பட்டுவாடா நிறுவனத்தின் கணினியிலிருந்து நேரடியாகத் தகவல் பெற்றுப் பேசுவதால், போலிச் செய்தியால் அதைப் பேசவைக்க முடியாது. உண்மையிலேயே மிகுதிப் பணம் வந்திருந்தாலும், கேட்பவர் சொல்லும் எண்ணுக்கு அனுப்பாமல், வங்கியின் வழியாகவே திருப்ப வேண்டும்.

இங்கு முதலாளிகள் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கணக்கு முதலாளியின் கைப்பேசியில் இருக்க, கல்லாவில் நிற்கும் ஊழியருக்கு ஒரு குறுஞ்செய்தியைத் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லாத கடைகளில், ஏமாந்த தொகையை அவர் சம்பளத்தில் பிடிப்பது அநீதி. வரவை மட்டும் பார்க்கும் அனுமதியை ஊழியருக்கு வழங்கும் வசதி வணிகருக்கான செயலிகள் பலவற்றில் உள்ளது. அதைக் கொடுத்து, சரிபார்க்கும்வரை வாடிக்கையாளரைக் காக்கவைக்கும் உரிமையையும் கொடுத்த பின்பே பொறுப்பைக் கேட்க இயலும். கணக்கையே சாட்சியாகக் கொள்வதால் அதைக் காப்பதும் தேவை: வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசியில், அபராத ரசீது, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது அங்கீகரிக்கப்பட்ட செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவப்படும் செயலிகளை, திறக்கவே கூடாது. அவற்றுள் பல, குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடுவதற்கென்றே எழுதப்பட்டவை.

பணம் போய்விட்டால், இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைப்பதே முதல் வேலை. தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் தகவல் எட்டினால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை முடக்கிவைக்க வங்கிகளால் முடியும். பணம் போகாமல் போலிச் செய்தி மட்டும் வந்திருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பிரிவில் புகார் செய்யலாம். இரு நிலையிலும், அந்தச் செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிடாமல், வந்த எண்ணும் நேரமும் தெரியும்படி படம்பிடித்து வைத்திருப்பது விசாரணைக்கு உதவும்.