நெருப்பு கல்லில் இல்லை

கம்பி மத்தாப்பில் பூவாய்த் தெறிப்பது எரிகிற இரும்புத்தூள். சிவகாசியில் மருந்தோடு குழைத்துக் கம்பியில் ஏற்றும் அந்தத் தூள், காற்றில் பறந்தபடியே எரிகிறது. சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் உரசும்போது வரும் பொறியும் இதேதான். கல்லுக்குள் நெருப்பு இருப்பதாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். கல் செய்வதோ சீவுவது மட்டும். எஃகிலிருந்து அது சீவும் பொடித் துணுக்குகள் உரசிய சூட்டிலேயே பற்றிக்கொள்கின்றன.

எஃகையே சீவும் அந்தக் கல் செர்ட் என்னும் சிலிக்காப் படிவுப்பாறை. சிக்கிமுக்கி அதில் கறுத்த வகை. இரும்பு கலந்து சிவந்தால் ஜாஸ்பர். பார்த்தால் மெழுகு பூசியதுபோல் மங்கலாக இருக்கும், மணிமணியாக எதுவும் தெரியாது. பேனாக்கத்தியால் கீறிப்பாருங்கள்: கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டும். பந்தல்குடிப் பக்கம் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். செர்ட் சும்மா இருக்கும். கரிசலில் கிடக்கும் வெங்கச்சாங்கல்லும் சிலிக்காதான், அதுவும் கத்திக்கு மசியாது. இருட்டில் இரண்டை உரசினால் மங்கலாய் ஒளிரும், கருகல் வாடைகூட வரும். ஆனால் அந்த ஒளியில் பஞ்சு பற்றாது.

இவ்வளவு கடினமான செர்ட்டின் பிறப்புதான் என்னை வியக்க வைக்கிறது. கடல்நீரில் மிகச் சிறிதளவே கரைந்திருக்கும் சிலிக்காவைப் பிரித்தெடுத்து, ரேடியோலாரியா, டயாட்டம் போன்ற நுண்ணுயிர்கள் கண்ணாடிக்கூடு கட்டிக்கொள்கின்றன. செத்தபின் கூடுகள் அடியில் சேறாகப் படிகின்றன. மிக ஆழத்தில் சுண்ணாம்புக் கூடுகள் கரைந்துபோக, சிலிக்காக் கூடுகள் எஞ்சுகின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் சேறு இறுகி, மணிகள் கண்ணுக்கே தெரியாத நெருக்கமான குவார்ட்ஸாகிறது. உள்ளே பிளவுபடத் தோதான திசை எதுவும் இல்லாததால், தட்டினால் கண்ணாடி போலச் சிப்பி வளைவாய்ப் பெயர்கிறது. பெயர்ந்த விளிம்பு தோலை அறுக்கும்.

அந்த விளிம்புக்காகத்தான் ஆதிமனிதர் இதைப் பொறுக்கினார்கள். நகத்தளவு சில்லுகளாகத் தட்டி, மரப்பிடியில் வரிசையாகப் பதித்தால் கத்தி, அம்பு. வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச்சில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. அங்கே சங்கு வளையல்களோடு நுண்கற்கருவிகளும் கிடைத்தன. அங்கிருந்து சிவகாசி பக்கம்தான்.

அந்தச் சிவகாசியின் தீப்பெட்டிக்குச் சிக்கிமுக்கி வேண்டாம். ஆனால் குச்சியை உரசும் பக்கப் பட்டையில், சிவப்புப் பாஸ்பரசோடு பொடித்த கண்ணாடியும் சேர்ப்பார்கள். அதுவும் பெரும்பகுதி சிலிக்காதான்.