பசியோடு எத்தனை நாள்?

திங்கட்கிழமை காலையில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு, வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட் பெட்டியோடு முடிந்துபோன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. "எனக்கு மனவுறுதி இல்லை" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பிழை பெரும்பாலும் மனத்தில் இல்லை. நாம் தெரிவு செய்த அளவில்தான் இருக்கிறது.

எங்கள் அயலில் ஓர் அக்கா. வயது 40, உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 72 கிலோ. யாரோ சொன்னார்கள் என்று நாளொன்றுக்கு 1000 கலோரிக்குள் சாப்பிடத் தொடங்கினார். முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி உடலிலிருந்து வெளியேறிய நீர் என்பது அவருக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் தலைச்சுற்று, பிள்ளைகள் மீது எரிச்சல். பிறகு எல்லாவற்றையும் கைவிட்டார். குறைந்த நிறை இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது.

இது அவருடைய பலவீனம் அல்ல. 1944, 1945 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், அன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் உணவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார். அவர்கள் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். சிலர் சமையற் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்களாம்!

அப்படியானால் எந்த அளவு தாங்கும்? பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. கிலோவிலுள்ள நிறையை 10 ஆலும், சென்ரிமீற்றரிலுள்ள உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும் 161 ஐயும் கழியுங்கள். அந்த அக்காவுக்கு வருவது சுமார் 1330. சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிப்பது இவ்வளவு. அவர் சாப்பிட்டதோ 1000! வீட்டு வேலைகளையும் சேர்க்க இதை 1.4 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1860. இதில் 350 அளவில் குறைத்து, 1500 இல் நின்றால் போதும். மாதத்துக்கு ஒரு கிலோ அளவில் இறங்கும். மெதுவானதுதான். ஆனால் அடுத்த மாதமும் தொடரலாம்.

நமது குசினியில் 350 கலோரி பெரிய விடயமல்ல. சோற்றில் அரைக் கோப்பை குறைத்தால் 100. பொரியலைத் தவிர்த்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மிச்சம் பிடித்தால் 120. நாள் முழுவதும் குடிக்கும் தேநீரில் நான்கு தேக்கரண்டி சீனி குறைந்தால் 80. மிச்சம், பிள்ளைகளின் கோப்பையில் கிடப்பதை வீணாகக் கூடாதென்று நாம் வழித்துச் சாப்பிடுவதில் இருக்கிறது. இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பருப்பு, மீன், முட்டை, கீரையைக் குறைக்க வேண்டாம். பசியைத் தாங்க வைப்பவை அவைதான்.

தராசில் தினமும் ஏறி மனம் உடைய வேண்டாம். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடலில் நீர் தங்கி நிறை கூடிக் காட்டும். வாரம் ஒரு தடவை, காலையில் நிறுத்து, சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். இரவில் பசியால் நித்திரை வராவிட்டால் 100 கலோரி கூட்டிப் பாருங்கள். 72 கிலோவில் நாலு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் நல்லது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்தக் கணக்கில் இறங்க வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. 1200 கலோரிக்குக் கீழே போவதும் அவருடைய கண்காணிப்பில் மட்டுமே.

அந்த அக்கா இப்போது 1500 இல் ஆறாவது மாதம். கலியாண வீட்டில் ஒரு பலகாரம் சாப்பிடுகிறார். மறுநாள் பட்டினி கிடப்பதில்லை.