'மேட் இன் பங்களாதேஷ்' சட்டை... வாங்கலாமா, வேணாமா? விலையும் தரமும் எங்கே முடிவாகுதுன்னு தெரிஞ்சுக்கங்க!

தம்பிக்கு இன்டர்வியூ. 'நல்லதா ஒரு ஃபார்மல் சட்டை எடுத்துடலாம்க்கா'ன்னு மாலுக்கு இழுத்துட்டுப் போனான். வெளிர் நீலத்துல ஒரு சட்டை, 1,999 ரூபாய். போட்டுப் பார்த்தான், தோள்பட்டை அளவு கச்சிதம். பில் போடப் போற நேரத்துல காலரைத் திருப்பினவன் முகம் மாறிடுச்சு. 'மேட் இன் பங்களாதேஷ்.' "இவ்வளவு காசு கொடுத்து வெளிநாட்டு மட்டமான சரக்கா?"ன்னு வெச்சுட்டு, பக்கத்து ராக்கில் இருந்த இந்தியத் தயாரிப்பை 2,499 ரூபாய்க்கு எடுத்தான். நாலே சலவை. காலர் முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருக்கலாம். அதனால், ஒரு சட்டையின் விலையும் தரமும் உண்மையில் எங்கே தீர்மானமாகின்றன என்று ஒரு சுற்று பார்த்துவிடுவோம்.

சட்டை ஏன் வங்கதேசம் போச்சு?

'நம்மகிட்டதான் திருப்பூர் இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்கத் தோன்றும். திருப்பூர் பெயர் எடுத்தது பனியன், டி-ஷர்ட் மாதிரியான பின்னலாடைகளில். ஃபார்மல் சட்டைக்கான துணி தறியில் நெய்தது. இரண்டுக்கும் மெஷின், தையல், தொழிலாளர் பயிற்சி எல்லாமே வேறு.

வங்கதேசம் தைத்த சட்டையில் கால் வைத்தது 1970-களின் கடைசியில். 1978-ல் ரியாஸ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 10,000 ஆண்கள் சட்டைகளை பாரிஸுக்கு அனுப்பியது. அடுத்த வருஷம், சிட்டகாங்கின் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு கைகோத்து, 130 பேரைக் கொரியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. கொரியாவுக்கு ஏன் இந்த அக்கறை? அப்போது பணக்கார நாடுகள், 'இந்த நாட்டிலிருந்து இத்தனை துணிமணிதான் வரலாம்' என்று கோட்டா வைத்திருந்தன. கொரியாவின் கோட்டா நெருக்கியது. வங்கதேசத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்படிப் பயிற்சி எடுத்தவர்களில் பலர் பின்னாளில் சொந்தமாகவே கம்பெனி தொடங்கினார்கள். 2005 தொடக்கத்தில் கோட்டா முறை முடிவுக்கு வந்தபோது, அந்த நாடு தாக்குப்பிடித்து நிற்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

இந்தியக் கடைகளுக்கு வந்த கதை தனி. 2011-ல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா போனபோது, வங்கதேசத்தின் 46 ஜவுளி வகைகளுக்கு வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. சுங்க வரி இல்லை, தையல் கூலி குறைவு, பக்கத்து நாடு. இந்தியாவில் கடை விரித்திருக்கும் பிராண்டுகளுக்கு வேறென்ன வேண்டும்? 2025 மே மாதம் இந்தியா இதில் ஒரு கடிவாளம் போட்டது. வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வர முடியாது. கொல்கத்தா, மும்பையின் நவ ஷேவா ஆகிய துறைமுகங்கள் வழியாகத்தான் வர முடியும். லாரியில் எல்லை தாண்டி வந்த சரக்கு கப்பல் ஏறினால், நாளும் செலவும் கூடத்தானே செய்யும்?

காலர் லேபிள் சொல்றது பாதிக் கதைதான்

'மேட் இன்' என்ற இரண்டு வார்த்தை, சட்டையைத் தைத்து முடித்த இடத்தை மட்டுமே சொல்கிறது. பருத்தி எங்கே விளைந்தது, நூல் எங்கே நூற்றது, துணி எங்கே நெய்தது என்பதெல்லாம் அதில் வராது. இந்தியப் பருத்தி நூலை அதிகமாக வாங்கும் நாடுகளில் வங்கதேசம் முக்கியமானது. நாட்டிலேயே நூற்பாலைகள் அதிகமுள்ள மாநிலம் தமிழ்நாடு. ஆக, தம்பி வேண்டாமென்று வைத்த அந்தச் சட்டையின் நூல் நம்ம ஊர் மில்லில் ஓடியதாகக்கூட இருக்கலாம். இன்னொரு சட்டையின் துணி சீனாவில் நெய்ததாக இருக்கலாம்.

அப்போ தரத்தை முடிவு பண்றது யாரு?

ஆர்டர் கொடுக்கும் பிராண்ட்தான். எந்தத் துணி, காலருக்குள் எந்த கேன்வாஸ், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், என்ன பட்டன் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஃபேக்டரி அதன்படி தைக்கும். ஒரே கட்டடத்தில், ஒரு லைனில் 5,000 ரூபாய் சட்டையும் அடுத்த லைனில் 800 ரூபாய் சட்டையும் ஓடுவது சாதாரணம். தைப்பவரின் கைத்திறன் ஒன்றுதான். கொடுத்த சரக்கும் நேரமும்தான் வேறு.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், பிராண்ட் 'பீஸுக்கு இன்னும் கொஞ்சம் குறைங்க' என்று அழுத்தும்போது. குறைப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும். இரட்டை இழை நூல் ஒற்றை இழை ஆகும். காலர் கேன்வாஸ் மலிவானதாக மாறும். காலர் துணியோடு கேன்வாஸைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுவதற்கு 'ஃபியூசிங்' என்று பெயர். பசை மட்டமாக இருந்தாலோ, சூடும் நேரமும் சரியாகக் கொடுக்காவிட்டாலோ, சில சலவையில் துணி பிரிந்து எழும்பிவிடும். துணியும் கேன்வாஸும் வேறு வேறு அளவில் சுருங்கினாலும் இதே கதி. தம்பி சட்டையில் நடந்தது இந்த வகைக் கோளாறுதான்.

'ஃபேக்டரியில செக் பண்ண மாட்டாங்களா?' பண்ணுவார்கள். ஆனால், எல்லாச் சட்டையையும் அல்ல. உலகம் முழுக்கப் புழங்கும் மாதிரிப் பரிசோதனை முறை ஒன்று இருக்கிறது. அதில் வழக்கமாகப் பயன்படும் 2.5 அளவுகோலின்படி, 3,000 சட்டைகள் கொண்ட ஒரு லாட்டில் 125-ஐ எடுத்துப் பார்ப்பார்கள். அதில் பெரிய குறை 7 வரை இருந்தால் லாட் பாஸ், 8 என்றால் ஃபெயில். பாஸான லாட்டில், யாரும் பிரித்துப் பார்க்காத மீதி 2,875 சட்டைகளில் ஒன்றுதான் உங்கள் கைக்கு வருகிறது. விலை அதிகமுள்ள பிராண்டுகள் பெரும்பாலும் இந்த அளவுகோலைக் கடுமையாக வைத்துக்கொள்கின்றன.

1,999 ரூபாயில் தைத்தவருக்கு எவ்வளவு?

ஒரு மனக்கணக்கு போடலாம் வாங்க. 2023 டிசம்பரிலிருந்து வங்கதேச ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. நம் காசில் சுமார் 9,000 ரூபாய். தொழிலாளர்கள் கேட்டது 23,000 டாக்கா. மாதம் 26 நாள், தினம் 8 மணி நேரம் என்றால், மணிக்கு 60 டாக்கா. ஒரு ஃபார்மல் சட்டையைத் தைக்க, எல்லோர் கை நேரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 25 நிமிடம். இடையில் வீணாகும் நேரத்தையும் சேர்த்து 50 நிமிடம் என்றே தாராளமாக வைப்போம். 50 டாக்கா வருகிறது. அதாவது 36 ரூபாய் பக்கம்.

எங்கள் தெரு டெய்லர் ஒரு சட்டைக்கு வாங்கும் கூலியே 500 ரூபாய். இந்த வித்தியாசம்தான் வெளிநாட்டுத் தயாரிப்பின் அடிப்படை.

மிச்சம் எங்கே போகிறது? ஃபேக்டரிச் செலவில் பாதிக்கும் மேல் துணி. அப்புறம் பட்டன், கேன்வாஸ், கட்டிங், அயர்னிங், பேக்கிங், ஃபேக்டரி லாபம், கப்பல் கூலி. இந்தியாவுக்கு வந்தபின் குடோன், மால் வாடகை, விளம்பரம், பிராண்டின் லாபம். சீசன் முடிந்து 50% தள்ளுபடியில் தள்ளப்போகும் சட்டைகளின் நஷ்டமும் முதலில் ஒட்டுகிற விலையிலேயே அடக்கம். கடைசியாக ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5%, அதைத் தாண்டினால் 18%.

இந்தக் கணக்கில் ஒரு விஷயம் உறுத்துகிறது. தைப்பவர்களின் கூலியை அப்படியே இரட்டிப்பாக்கினாலும், ஃபேக்டரியில் சட்டைக்குக் கூடுவது 36 ரூபாய்தான். நாம் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசு!

அந்த ஏப்ரல் 24

மலிவைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23-ம் தேதி சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த கார்மென்ட்ஸ் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 24 காலை கட்டடம் சரிந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு ஐரோப்பிய பிராண்டுகள் பலவும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, சட்டப்படி கட்டுப்படுத்தும் 'அக்கார்டு' என்ற பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் போட்டன. ஃபேக்டரிகளில் கட்டடம், மின்சாரம், தீ பாதுகாப்பு ஆகியவற்றை வெளி இன்ஜினீயர்கள் சோதித்தார்கள். நிறைய சரிசெய்யப்பட்டது. கட்டடம் பத்திரமானது போலச் சம்பளம் ஏறவில்லை என்பதற்கு மேலே போட்ட கணக்கே சாட்சி.

கடையில 2 நிமிஷம்... இதைப் பாருங்க!

* காலர்: இரண்டு விரலால் காலரின் மேல், கீழ்த் துணியைப் பிடித்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணி தனியாக நழுவினாலோ, இப்போதே சின்ன அலை தெரிந்தாலோ வேண்டாம்.

* தையல்: பட்டன் பட்டியில் ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 14, அதற்கு மேல் என்றால் நல்லது. 8, 9 என்றால் அவசரத் தையல்.

* பக்கத் தையல்: சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை துணி ஓரம் மடித்து உள்ளே அடங்கியிருந்தால் நீடித்து உழைக்கும். வெறும் ஓவர்லாக் அடித்து விட்டிருந்தால் அது செலவு குறைத்த இடம்.

* கோடு, கட்டம்: பாக்கெட்டிலும் முன்பக்க இரண்டு பாதியிலும் டிசைன் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்க்க வேண்டுமென்றால் துணி கூடுதலாகச் செலவாகும். யார் செலவழித்திருக்கிறார்கள் என்பது இங்கே தெரிந்துவிடும்.

* காஜா, பட்டன்: காஜாவில் பிசிறு இருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, ஸ்பேர் பட்டன் உண்டா என்று கவனியுங்கள்.

* லேபிள்: 'காட்டன் ரிச்' என்றால் கலப்பு என்று அர்த்தம். முழுப் பருத்தி வேண்டுமென்றால் '100% காட்டன்' என்றே இருக்க வேண்டும். இறக்குமதிச் சட்டையில் தயாரித்த நாடும், இறக்குமதியாளர் அல்லது பிராண்டின் முகவரியும், நுகர்வோர் சேவை எண்ணும் இருக்க வேண்டும். காலர் கொப்புளித்தால் கூப்பிட வேண்டிய நம்பர் அதுதான்.

இன்னொரு வழியும் இருக்கு. 58 இஞ்ச் அகலத் துணியில் சராசரி உடம்புக்கு முழுக்கைச் சட்டை 1.60 மீட்டரில் முடிந்துவிடும். பிடித்த துணியை எடுத்து, தெரு டெய்லரிடம் 500 ரூபாய் கொடுங்கள். மால் வாடகையும் விளம்பரமும் இல்லாத விலைக்கு, உங்கள் தோளுக்கே அளவெடுத்த சட்டை கிடைக்கும். கூலி யார் கைக்குப் போகிறது என்பதும் கண்ணெதிரே தெரியும்.

தம்பிக்கு அந்த வேலை கிடைச்சிடுச்சு. போன வாரம் மறுபடி சட்டை எடுக்கக் கிளம்பினோம். இந்தத் தடவை, 'எந்த ஊர்ல தைச்சது?'ன்னு கேட்கலை. நேரா காலரைத் தேய்ச்சுப் பார்த்துட்டு, சட்டையை உள்பக்கம் திருப்பினான். சேல்ஸ்மேன்தான் கொஞ்சம் பயந்துட்டார்!