ரத்தத்தில் ஓடும் கொழுப்பு! காட்டிக் கொடுக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒளி

திருக்கோவிலூரில் இருந்து ஒருவர் சென்னைக்குப் போய், பருமனைக் குறைக்க ஆபரேஷன் செய்து கொண்டு திரும்புகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். சில மாதங்களில் சட்டை தொளதொளக்கிறது. கடைத் தெருவில் பார்க்கிறவர்கள், "ஆளே அடையாளம் தெரியவில்லையே!" என்கிறார்கள்.

சதை குறைந்தது, சரி. ரத்தத்தில் கலந்து ஓடும் கொழுப்பு குறைந்ததா? அதை எடை பார்க்கும் எந்திரம் சொல்லாது.

வாழைப்பழம் போல் இரைப்பை

இந்த ஆபரேஷனில் பல வகை உண்டு. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்து விட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல் ஆக்கி விடுவது ஒரு வகை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து விடும். லேசாகத் தொந்தி விழுந்தவர்களுக்கு அல்ல இது. எடை அளவு கடந்து போனவர்களுக்கே.

ரத்தத்தில் உள்ள கொழுப்புகளில் டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பவை இரண்டு. ஒன்று கொலஸ்ட்ரால். மற்றொன்று டிரைகிளிசரைடு. இரண்டாவது, 100 மில்லி ரத்தத்தில் 150 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. அது மிகமிக அதிகமானால், ரத்தத்தின் தெளிந்த நீரே பால் போல் கலங்கி விடும்!

ஆபரேஷனுக்குப் பிறகு டிரைகிளிசரைடு பொதுவாகக் குறைகிறது. நல்ல கொலஸ்ட்ரால் மெல்ல ஏறுகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்கும் என்பது ஆபரேஷனின் வகையைப் பொறுத்தது. சில ஆண்டுகளில் எடை மறுபடி ஏறினால், கொழுப்பும் ஏறலாம். ஆகவே அடிக்கடி பார்க்க வேண்டி இருக்கிறது.

சிவப்புக்கு அப்பால்

1800ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான நூல் அறிஞர், சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தால் வானவில் போல் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, ஒளியே தெரியாத இடத்தில் வைத்தார். அங்கேதான் சூடு அதிகம் ஏறிற்று! அதுவே அகச்சிவப்புக் கதிர்.

வீணையின் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சுருதி உண்டு அல்லவா? அதுபோல, பொருள்களுக்குள் அணுக்களைப் பிணைக்கும் கட்டுகளும் ஓயாமல் அதிர்கின்றன. தன் சுருதிக்கு ஒத்த கதிரை மட்டும் கட்டு விழுங்கி விடும். கொழுப்புக்கு என்று சில சுருதிகள் இருக்கின்றன. அந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழுங்கப்பட்டது என்று பார்த்தால், கொழுப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம்.

இதற்கு ஒரு சொட்டு ரத்த நீர் போதும். ஆனால், தண்ணீரும் இந்தக் கதிரை ஏராளமாகக் குடித்து விடும். அதனால் சொட்டைப் பெரும்பாலும் உலர்த்திய பிறகே கதிரைச் செலுத்துகிறார்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. சென்னையில் கல்லூரி இயற்பியல் ஆசிரியர்கள், மஞ்சள் காமாலை நோயாளிகளின் ரத்தத்தை இப்படி ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

சென்னைக்கு 200 கிலோமீட்டர்

திருக்கோவிலூரில் இருந்து சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போயிற்று. விரல் நுனியில் எடுத்த சொட்டை உலர்த்தி அனுப்பினால் போதும் என்ற காலம் வந்தால் எத்தனை சௌகரியம்!

அந்தக் காலம் இன்னும் வரவில்லை. இம்முறை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே இருக்கிறது. "கதிரைக் காட்டியே கொழுப்பைச் சொல்கிறேன்" என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். இப்போதைக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைதான். அதைப் பக்கத்து ஊரிலேயே செய்து கொண்டு, வந்த சீட்டை ஆபரேஷன் செய்த டாக்டருக்குக் காட்டலாம். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, எத்தனை மணி நேரம் என்பதை முதல் நாளே கேட்டுக் கொள்ளுங்கள்.