நாலு செடிக்கு எந்த விளக்கு? கனடாவில் வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்போர் கவனத்துக்கு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். இது வீட்டுக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. மூன்று பெரியவர்கள் சேர்ந்து இருந்தாலும் நான்குதான். மீறினால் கூட்டாட்சிச் சட்டத்தில் உச்சபட்ச தண்டனை 14 ஆண்டு சிறை. ஒன்ராறியோவில் வளர்ப்பவருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், விதையும் உரிமம் பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். கியூபெக்கில் ஒரு செடிகூடக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். குளிர்நாடு என்பதால் பேஸ்மென்டில் எல்.இ.டி விளக்கைத் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். பணம் வீணாவதும் வம்பு தொடங்குவதும் அந்த விளக்கில்தான்.

மலிவு விளக்கு ஒன்றின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சுவரிலிருந்து அது இழுப்பது நூறோ நூற்றைம்பதோதான். அந்த உண்மை பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கும். 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்றும் போட்டிருக்கும். எந்த விளக்குக்கும் அந்தப் பெயரை வைக்கலாம், கேட்பாரில்லை. அடுத்தது நீலத்தில் ஒரு முகடு, சிவப்பில் ஒரு முகடு என்று, செடி உறிஞ்சும் ஒளியைக் காட்டும் ஒரு வரைபடம். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது இலையிலிருந்து பச்சையத்தைப் பிரித்தெடுத்து, திரவத்தில் கரைத்து அளந்த படம். உயிருள்ள இலை அப்படி நடந்துகொள்வதில்லை. 1970களின் தொடக்கத்திலேயே மெக்ரீ என்ற ஆய்வாளர் பயிர்களின் இலைகளில் நேரடியாக அளந்து, பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று காட்டிவிட்டார். ஆனாலும் நீலமும் சிவப்பும் மட்டும் சேர்த்த ஊதா விளக்குகள் இன்னும் விற்கின்றன. அந்த ஊதாவில் இன்னொரு தொல்லை: இலை மஞ்சளிப்பதோ, பூச்சி அரிப்பதோ, பூஞ்சை படர்வதோ கண்ணுக்கே தெரியாது.

வீட்டுக்கு ஏற்றது வெள்ளை ஒளி விளக்கு. அதில் 660 நானோமீட்டர் சிவப்பு கொஞ்சம் கூட்டியிருந்தால் போதும். நீலம் மிகுந்தால் செடி குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பு கூடினால் தண்டு நீண்டு வளரும். அந்த 730 விளக்குப் புள்ளிகள் நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். நாலு பல்பு எரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

'புற ஊதா சேர்த்தது, வீரியம் கூடும்' என்று கூடுதல் விலை கேட்டால் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதைச் சோதித்தார்கள். புற ஊதா-பி கதிர் விளைச்சலையும் கூட்டவில்லை, வீரியத்தையும் கூட்டவில்லை. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஒளியின் அளவு கூடக்கூட விளைச்சல் கூடியது, வீரியம் மாறவில்லை. ஆகவே நிறத்துக்கு மயங்காமல் அளவைக் கேளுங்கள். லூமென் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்கு மைக்ரோமோல். ஒரு ஜூல் மின்சாரத்துக்கு 2.5 மைக்ரோமோல் அல்லது அதற்கு மேல் தரும் விளக்கு நல்ல விளக்கு. அந்த எண்ணைச் சொல்லாத கம்பெனியிடம் வாங்காதீர்கள். செடியைத் தொடும்போது விளக்கை அணைத்துவிடுவது கண்ணுக்கு நல்லது.

மின்சாரத்தில்தான் உண்மையான ஆபத்து. வீட்டின் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்ப்; மொத்தம் 1800 வாட். மணிக்கணக்கில் எரியும் சாதனம் என்றால் அதில் எண்பது சதவீதம், அதாவது 1440 வாட் வரைதான் ஏற்றலாம். அதே சர்க்யூட்டில் ஹீட்டரும் ஓடினால் கணக்கு அப்போதே தாண்டிவிடும். கேபிளைச் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் கார்டு சூடேறி உருகும். விளக்கில் சி.எஸ்.ஏ முத்திரையோ, பக்கத்தில் சிறிய 'சி' போட்ட யு.எல் அல்லது இ.டி.எல் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சி.இ என்ற ஐரோப்பிய முத்திரை கனடாவில் செல்லாது.

ஏமாந்துவிட்டால்? பெட்டியையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் எறியாமல் வையுங்கள். பிளக்கில் மாட்டும் சிறு வாட்மீட்டர் கடையில் கிடைக்கும். அதில் வரும் எண்ணைப் படமெடுங்கள், சாட்சியாகும். பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால், ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஓராண்டுக்குள் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். கடல்கடந்த விற்பனையாளர் என்றால் சட்டத்தைவிடக் கிரெடிட் கார்டு வங்கியில் தகராறு பதிவதுதான் சீக்கிரம் பலன் தரும். விளக்கு கருகினாலோ ஷாக் அடித்தாலோ ஹெல்த் கனடாவுக்கும் எழுதுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சட்டம் அனுமதித்தாலும் வீட்டுக்காரரோ காண்டோ நிர்வாகமோ ஒப்பந்தத்திலும் விதிகளிலும் தடுக்கலாம். ஆனால் அதற்காக வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. ஒன்ராறியோவில் அவர் வாடகை வாரியத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். பார்வையிட வருவதற்கும், அவசரம் இல்லையென்றால், 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். சொந்த வீடாக இருந்தால் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தீப்பிடித்த பிறகு அவர்கள் முதலில் தேடுவது நீங்கள் சொல்லாமல் விட்டதைத்தான்.

ஊருக்குப் போகும்போது ஒரு விதைகூடப் பெட்டியில் வேண்டாம். கஞ்சாவை அனுமதியின்றி கனடாவுக்கு வெளியே கொண்டுபோவதே குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் நாலு செடி என்ற சலுகையெல்லாம் கிடையாது. வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விளக்கை வேண்டுமானால் அம்மாவின் வெந்தயக்கீரைத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள், 230 வோல்ட்டைத் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு.