கழிவுநீரும் கணிப்பொறியும்

ஆற்றங்கரைகளிலே நகரங்கள் தோன்றின. வளர்ந்த நகரங்கள், தம்மை வளர்த்த ஆற்றுக்கே தம் அழுக்கையெல்லாம் திருப்பி அளித்தன. தாய்க்குச் செய்யும் இத்தீங்கினைத் தவிர்க்க எழுந்தவையே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். அவற்றுக்குக் கணிப்பொறி எவ்வாறு துணைபுரிகின்றது என்பதை இப்பாடத்திற் காண்போம்.

இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில், எட்வர்டு ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்னும் அறிஞர் இருவர், கழிவுநீரைக் குடுவையிலிட்டு இடைவிடாது காற்றூட்டினர். அது முற்றும் தூய்மையடைய ஏறத்தாழ 5 வாரங்கள் ஆயின. பின்னர்த் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியிற் படிந்த கசட்டை அவ்வண்ணமே வைத்துப் புதிய கழிவுநீரை வார்த்தனர். முறைதோறும் காலம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் 24 மணி நேரமே போதியதாயிற்று. கசட்டில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களே அழுக்கை உணவாக உண்டு நீரைத் தூய்மையாக்கின. 1914ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இம்முறை, இன்று உலகெங்கும் பெருவழக்காய் உள்ளது.

உயிர்களைக் கொண்டு செய்யும் இத்தொழிலில் ஓர் இடர் உண்டு. காற்றுக் குறையின் அவை சோரும்; காற்று மிகின் மின்செலவு பெருகும். கசட்டை அளவின்றி வெளியேற்றினால், அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அற்றுப்போகும். அவை மெல்லப் பெருகும் இயல்பின. பழைய நிலையை அடையப் பல வாரங்களும் ஆகலாம். அதுகாறும் அம்மோனியா ஆற்றிற் கலக்கும், மீன்கள் மடியும். ஆதலின், 'செய்து பார்ப்போம்' என்று நிலையத்திலேயே சோதனை நிகழ்த்துதல் தகாது. நோயாளியிடமே மருத்துவம் பழகலாமோ?

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகின்றது. 1987ஆம் ஆண்டில், டென்மார்க்கு நாட்டு மோகன்ஸ் ஹென்சே தலைமையில், பன்னாட்டு அறிஞர் குழுவொன்று ஒரு கணித மாதிரியை வெளியிட்டது. தொட்டியில் உள்ள பொருள்களை 13 கூறுகளாகவும், அங்கு நிகழும் மாற்றங்களை 8 வினைகளாகவும் அது வகுத்தது. இதன் அடிப்படை எளியது. உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே சென்றது எவ்வளவு, இடையே மாறியது எவ்வளவு என்று ஒவ்வொரு கூற்றுக்கும் வணிகரைப் போல வரவு செலவு எழுதுதலே அது. ஆனால் ஒன்று மாறின் மற்றவையும் மாறும். ஓயாது மாறும் இக்கணக்கைக் கையால் எழுதி முடிப்பது அரிது, கணிப்பொறிக்கு எளிது.

நீரின் ஓட்டத்தையும் கணிப்பொறி காட்டும். தொட்டியில் நீர் எங்கும் ஒருபடித்தாய் ஓடுவதில்லை. ஒருபால் குறுக்கே விரைந்து பாயும். ஒருபால் மூலையில் தேங்கும். தொட்டியைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நீரின் விரைவையும் திசையையும் கணித்தால் இக்குறைகள் விளங்கும். தடுப்புச் சுவரை எங்கே எழுப்புவது என்பதை, செங்கல் அடுக்குமுன்னரே முடிவு செய்யலாம். பெருமழையில் கசடு அடித்துச் செல்லப்படுமோ என்பதையும் மழைக்கு முன்னரே ஆராயலாம்.

ஆயினும், கணிப்பொறி தானாக ஒன்றையும் அறியாது. உண்மை நீரை அள்ளி, அளந்து நாம் கொடுக்கும் எண்களே அதன் அறிவு. அளவு பிழைத்தால் விடையும் பிழைக்கும். அப்பிழை அழகிய படமாய்த் திரையில் தோன்றி நம்மை மயக்கவும் கூடும். ஆதலின், மாதிரி கூறுவதை நிலையத்தில் அளந்ததோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே நம்புதல் வேண்டும்.

மாணவர்களே, கணக்கில் நேர்ந்த பிழையை அழித்து எழுதலாம். ஆற்றில் நேர்ந்த பிழையை அவ்வாறு அழித்தல் இயலுமோ? அந்நீரைப் பருகுவோர் கீழ்க்கரை ஊர்களிலும் உளர். ஆதலின், முன்னே கணித்துப் பின்னே செய்தல் அறிவுடையார் கடனாகும்.